ஒரே கல்யாணப் பத்திரிகை, நான்கு வழிகள்: வடிவமைப்பாளர் நிரல் கற்க எங்கே தொடங்கலாம்?

அச்சு வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை செய்து பழகியவருக்கு அட்டையின் அளவு முதலிலேயே தெரிந்துவிடும். ஏழுக்கு ஐந்து அங்குலம் என்றால் அச்சாகி வரும்வரை அதேதான். வலைப்பக்கத்தில் அப்படி ஓர் அட்டை கிடையாது. மாமா 360 பிக்சல் அகலக் கைபேசியில் திறப்பார். அலுவலக நண்பர் 1920 பிக்சல் திரையில் திறப்பார். புதிதாக நிரல் கற்க வரும் வடிவமைப்பாளர்களை அடைப்புக்குறிகளை விட அதிகமாகத் திணறடிப்பது இந்த அளவில்லாத தாள். ஆகவே ஒவ்வொரு வழியும் அதை எவ்வளவு சீக்கிரம் கையில் பழக்கித் தருகிறது என்பதே என் அளவுகோல்.

எல்லா வழிக்கும் ஒரே வேலை: மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டப முகவரி, ‘இன்னும் இத்தனை நாள்’ என்று எண்ணும் ஒரு வரி, ‘வருகிறேன்’ என்று சொல்ல ஒரு பொத்தான்.

நிரல் எழுதாமலே வலைப்பக்கம் கட்டும் கருவியான வெப்ஃப்ளோவில் இது ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். இழுத்துவைக்கும் திரை பழகிய கைக்கு உடனே பிடிபடும். படிவம் உள்ளேயே இருப்பதால் பொத்தானும் வேலை செய்யும். நிரல் தெரியாதவர்களின் கருவி என்று இதை ஒதுக்குவது சரியில்லை. மார்ஜின், பேடிங், ஃப்ளெக்ஸ், கிரிட் என்று அதன் பலகையில் இருப்பதெல்லாம், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் சொற்களே. சிக்கல், நாள் எண்ணும் வரியில் தொடங்கும். அதற்கு, பக்கத்தை இயங்கவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் யாரோ எழுதிய துண்டை ஒட்டவேண்டும். அது ஓடாவிட்டால் ஏன் என்று தெரியாது. நிரலை வெளியே எடுக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். எடுத்தாலும் படிவம் வெளியே வேலை செய்யாது.

திரையைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பான ரியாக்ட்டை முதலில் படிக்கச் சொல்பவர்கள் வேலைவாய்ப்பை நினைத்துச் சொல்கிறார்கள். திரை வடிவமைக்கும் ஃபிக்மாவில் காம்பொனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டு) செய்தவருக்கு அதன் அடிப்படை எண்ணம் எளிதில் புரியும் என்பதும் உண்மை. ஆனால் பத்திரிகையின் முதல் வரி திரையில் வருமுன் நோட் என்ற மென்பொருளை நிறுவவேண்டும், கட்டளை தட்டும் டெர்மினலைத் திறக்கவேண்டும், பெயர் தெரியாத கோப்புகள் நிறைந்த ஒரு கோப்புறையைப் பார்க்கவேண்டும். பழைய பாடங்கள் பலவும் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியில் தொடங்கும். அதை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே கைவிட்டுவிட்டது. முதல் நாளிலேயே கருவி காலாவதி என்ற எச்சரிக்கையைப் பார்க்கும் புதியவர், தப்பு தன்மேல் என்று நினைத்துக்கொள்கிறார். இப்படி ஓர் ஆயத்தச் சட்டகம் (ஃபிரேம்வொர்க்) வேண்டும் என்றே இருந்தால், வியூ என்ற இன்னொன்று இதமானது. ஒற்றை ஸ்கிரிப்ட் வரியில், பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் எச்டிஎம்எல் கோப்புக்குள் வந்துவிடும். 2014இல் அதை வெளியிட்ட எவன் யூ (Evan You), நியூயார்க்கின் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர்.

என் தேர்வு, எச்டிஎம்எல்லையும் சிஎஸ்எஸ்ஸையும் ஒரு சாதாரண எடிட்டரில் கையால் எழுதுவது. முதலில் நிறமும் எழுத்துருவும் இல்லாமல் பத்திரிகையின் சொற்களை மட்டும் எழுதுங்கள். எது தலைப்பு, எது பத்தி, எது முகவரி என்று குறித்தாலே எச்டிஎம்எல்லின் பெரும்பகுதி வந்துவிடும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். பிறகு சிஎஸ்எஸ். ‘திருவளர்ச்செல்வி’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு உலாவியின் அகலத்தைக் குறுக்கிப் பாருங்கள். உலாவி இடைவெளி உள்ள இடத்தில்தான் வரியை மடிக்கும்; இந்தச் சொல்லில் இடைவெளியே இல்லை. அது பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தளவைத் திரை அகலத்தோடு கட்டினால் உள்ளே வரும். அந்தக் கணத்தில் அளவில்லாத தாள் பிடிபடத் தொடங்கும். வரி இடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குப் போட்ட 1.2ஐ (எழுத்தளவின் 1.2 மடங்கு) அப்படியே விட்டால் மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளும், 1.6க்கு ஏற்றினால் மூச்சு வரும். இந்தக் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிரலர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் பழகியும் கைவராதது அது.

இன்று தொடங்குபவர் நல்ல காலத்தில் தொடங்குகிறார் என்றும் சொல்வேன். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்று உலாவிகளுமே, பக்கத்தைக் கட்டம் போட்டு அடுக்கும் சிஎஸ்எஸ் வசதியான கிரிட்டை ஏற்றன. அச்சுப் பக்கத்துக்குக் கட்டம் போட்ட கை, அன்றிலிருந்து அதையே இங்கும் போடலாம். சிஎஸ்எஸ்ஸை நம்பாதவர்களுக்கு 2003இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’ தளத்தைக் காட்டுவேன். ஒரே எச்டிஎம்எல்; உடுத்திய சிஎஸ்எஸ் மாறியதில் ஆளே அடையாளம் தெரியாது.

இதுவரை எழுதியதில் நிரல்தர்க்கம் இல்லை. நாள் எண்ணும் வரிதான் உண்மையான முதல் நிரல்: முகூர்த்தத் தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழிக்கவேண்டும். விடை மில்லிசெகண்டில் வரும். 8,64,00,000ஆல் வகுத்தால் நாள். இந்த இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மிரட்டினால் படம் வரைந்தபடியே நிரல் பழகும் பி5.ஜேஎஸ் பக்கம் போய்வாருங்கள். 2001இல் எம்ஐடி மீடியா லேபில் கேசி ரீஸும் பென் ஃபிரையும் தொடங்கிய பிராசஸிங் என்ற நிரல் கருவியின் வழிவந்தது இது. பி5.ஜேஎஸ்ஸை லாரன் லீ மெக்கார்த்தி உருவாக்கினார். ஒரு எண்ணை மாற்றினால் வட்டம் நகரும், மாறி (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்றால் என்ன என்று கண்ணுக்கே தெரியும். பத்திரிகையை மட்டும் அதில் செய்யாதீர்கள். அது எல்லாவற்றையும் கேன்வாஸ் என்ற படப்பலகையில் வரையும்; அப்படி வரைந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது; மண்டப முகவரியை வரைபடத்தில் ஒட்டித் தேடுபவர் தவித்துப்போவார்.

கையால் எழுதும் வழி ‘வருகிறேன்’ பொத்தானில் முட்டி நிற்கும். வந்த பெயர்களைச் சேமிக்க மறுமுனையில் ஒரு சர்வர், அதாவது அவற்றை வாங்கி வைக்கும் கணினி, வேண்டும். முதல் பத்திரிகைக்கு அந்தப் பொத்தானில் ஒரு கூகுள் படிவத்தின் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள். சர்வரை அடுத்த பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம்.