இலவச கோரஸ் ப்ளக்-இன்: டால் கோரஸ்-எல்எக்ஸா, மல்டிப்ளையா?

காசு கொடுக்காமல் நல்ல கோரஸ் ப்ளக்-இன் (இசைப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) வேண்டும் என்று தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: டால் கோரஸ்-எல்எக்ஸ், அகான் டிஜிட்டலின் மல்டிப்ளை, ப்ளூ கேட்ஸ் கோரஸ். மூன்றும் முழுக்க இலவசம். இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான்: சிந்த்துக்கு (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைசருக்கு) டால், பாடும் குரலுக்கு மல்டிப்ளை. மாற்றிப் போட்டால் இரண்டுமே சுமாராகத்தான் கேட்கும். அவை வேலை செய்யும் விதமே வேறு.

எந்தக் கோரஸும் அடிப்படையில் செய்வது ஒன்றுதான். வரும் ஒலிக்கு ஒரு நகல் எடுத்து, அதைச் சில மில்லி விநாடி தாமதமாக ஒலிக்கவிட்டு, அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். தாமதம் கூடிக்கொண்டே போகும்போது நகலின் சுருதி கொஞ்சம் இறங்கும், குறைந்துகொண்டே வரும்போது ஏறும். இதை மூல ஒலியோடு சேர்த்துக் கேட்டால் ஒருவர் வாசித்தது இருவர் வாசித்ததுபோல் ஆகிவிடும். தாமதத்தை எந்த வேகத்தில், எவ்வளவு ஒழுங்காக ஆட்டுகிறது என்பதில்தான் ஒரு ப்ளக்-இன் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

டால் எடுத்துக்கொண்ட மாதிரி, 1982இல் ரோலண்ட் வெளியிட்ட ஜூனோ-60 சிந்த்தில் இருக்கும் கோரஸ். ஜூனோவில் அழுத்தும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே ஒரு ஆசிலேட்டர்தான் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி). தனியாகக் கேட்டால் ஒல்லியாக இருக்கும். அதைத் தடிமனாக்கத்தான் இந்தக் கோரஸ். அதன் முதல் பொத்தானை அழுத்தினால், தாமதம் சுமார் 1.7 முதல் 5.3 மில்லி விநாடி வரை முக்கோண அலையில் ஏறி இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி.

அந்த முக்கோணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தாமதம் ஒரே சீராக ஏறுவதால் நகலின் சுருதி வழுக்கிக்கொண்டே போவதில்லை. ஒரு விநாடி சுமார் 6 சென்ட் கீழே நிலையாக நிற்கும், அடுத்த விநாடி அதே அளவு மேலே நிற்கும். (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்.) இடது பக்கம் மேலே இருக்கும்போது வலது பக்கம் கீழே இருக்கும். காதுக்கு இது ஆட்டமாகவே தெரியாது. கொஞ்சம் சுருதி விலகிய இன்னொரு ஆசிலேட்டர் சேர்ந்துகொண்ட மாதிரிதான் இருக்கும். இரண்டாவது பொத்தானில் வேகம் கூடுகிறது, விலகலும் சுமார் 11 சென்ட் ஆகிறது.

டாலில் அதே இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றைத் தவிர ஸ்டீரியோ அகலம், கலவை, வால்யூம் என்று மூன்று நாப், அவ்வளவுதான். வேகத்தையோ ஆழத்தையோ மாற்ற முடியாது. பலர் இதைக் குறை என்பார்கள், எனக்கு இதுதான் பிடித்த விஷயம். சா-டூத் (ரம்பப்பல் வடிவ) அலையில் ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) போட்டு, கூர்மையான ஒலியை வடிக்கும் ஃபில்டரைப் பாதி மூடி, முதல் பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள். சப்பையாக இருந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இரண்டு ஸ்பீக்கருக்கும் வெளியே விரிந்துவிடும். வேறு எதையும் தொடத் தோன்றாது.

பேஸில் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் கருவியில்) மட்டும் இதைப் போடாதீர்கள். நகலும் மூலமும் சம அளவில் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அந்த இடங்களில் ஒலி பள்ளமாக இறங்கிவிடும். மேலே சொன்ன தாமத அளவுக்கு முதல் பள்ளம் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்கும் 93 ஹெர்ட்ஸுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும். பேஸின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. கீழ்ப் பகுதியை விட்டுவிடு என்று சொல்ல டாலில் வழி இல்லை.

குரலில் வேறு பிரச்சினை. பேடில் இனித்த அதே ஒழுங்கு, குரலில் இயந்திரத்தனமாகத் தெரியும். அதுவும் கமகம் போட்டுப் பாடும் குரலில் சுத்தமாக ஒட்டாது. பாடுபவர் ஸ்வரத்தை ஒரு கணக்கில் அசைக்க, ப்ளக்-இன் தன் கணக்கில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். பிடி நழுவிய மாதிரி கேட்கும்.

மல்டிப்ளை இங்கே கைகொடுக்கிறது. நார்வேக்காரர்களான அகான் டிஜிட்டல் இதில் ஒழுங்கான ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நகலின் ஃபேஸும் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) ஒலியளவும் ஒழுங்கற்ற போக்கில் தனித்தனியாக மாறுகின்றன. நாலு பேர் சேர்ந்து பாடும்போது யாருடைய விலகலும் கடிகாரம் பார்த்து வருவதில்லையே. அதனால் நகல்களைக் கூட்டினாலும் வழக்கமான கோரஸில் வரும் அந்தச் சுழலும் சத்தம் இதில் பெரிதாக வருவதில்லை. உள்ளேயே ஈக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கிறது.

நான் இதைக் குரல் டிராக்கில் நேரடியாகப் போடுவதில்லை. தனி பஸ்ஸில் (டிராக்கின் ஒலியை அனுப்பிவைக்கும் துணை வழியில்) போட்டு, அங்கே மூல ஒலியை முழுக்க அடைத்து, நகல்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, சுருதி மாற்றத்தைக் குறைவாக வைப்பேன். அப்புறம் பஸ்ஸை மெதுவாக ஏற்றி, கோரஸ் இருப்பது தெரிய ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுவேன். பின்னணிக் குரல்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் பாடகர் பக்கத்திலேயே இருந்தால் இன்னொரு முறை பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்த இரட்டைப் பதிவுக்கு எந்த ப்ளக்-இன்னும் ஈடில்லை.

அதே மல்டிப்ளையைப் பேடில் போட்டால் ஒலி அகலமாகும், ஆனால் மங்கிவிடும். ஜூனோவின் அந்த மெல்லிய துடிப்பு இதில் கிடைக்காது.

ப்ளூ கேட்ஸ் கோரஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிளாஞ்சர், ஃபேசர் போன்ற மற்ற ஒலி விளைவுகளும் சேர்ந்த இலவசத் தொகுப்பில் இதுவும் வருகிறது. தாமதம், ஆழம், வேகம் மூன்றையும் நம் கையிலேயே விட்டுவிடுகிறது. கோரஸ் எப்படி வேலை செய்கிறது என்று காதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. மிக்ஸில் என் கை இதன் பக்கம் அதிகம் போவதில்லை.

எதைப் போட்டாலும் மோனோவில் (இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து) ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒற்றை ஸ்பீக்கர் போனில் கேட்பவர்கள் ஏராளம். சில ஸ்டீரியோ கோரஸ்கள் நகலை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் கலக்கும். மோனோவாக்கினால் இரண்டும் அடித்துக்கொண்டு கோரஸே காணாமல் போய்விடும். ஜூனோ முறையில் அப்படி ஆவதில்லை. அகலம் போகும், பள்ளங்கள் சற்று மாறும், தடிமன் நிற்கும்.

கிளீன் எலக்ட்ரிக் கிதாருக்கு எது என்றால், முதலில் டாலைப் போட்டு, கலவையை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்துக் கேளுங்கள். இன்னும் வேகமான ஆட்டம் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் ப்ளூ கேட்ஸுக்குப் போங்கள். லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கும் டால் கிடைக்கிறது.