செங்குத்து கேலரியா, அகன்ற கிண்ணமா: சத்தம் எதில் தங்கும்?

கால்பந்துக்கு மட்டுமான ஸ்டேடியம் என்றால், ஓடுதளம் வேண்டாம். கூரை போட்ட செங்குத்து கேலரிதான் என் தேர்வு. தடகளமும் நடக்கவேண்டுமானால் ஓடுதளத்தைச் சுற்றிய அகன்ற கிண்ண வடிவ கேலரியை விட்டால் வழியில்லை. ஆனால் சத்தத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

தூரம் கூடினால் சத்தம் குறையும் என்பது தெரிந்ததே. அதைவிடத் தொல்லை தாமதம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 400 மீட்டர் ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 170 மீட்டருக்கு மேல். அதாவது அரை நொடி. நிமிடத்துக்கு 120 கைதட்டு என்றால் எதிர்முனையின் தட்டு முழுசாக ஒரு தட்டு பிந்திக் கேட்கும். பாட்டு கேலரிக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். சரிவு குறைந்த கேலரியில் முன்வரிசை உடல்களே பின்வரிசைக் குரலை உறிஞ்சுவது தனிக் கதை. செங்குத்து என்றாலும் எல்லை உண்டு: பிரிட்டனின் வழிகாட்டுநெறி 34 டிகிரிக்கு மேல் விடுவதில்லை.

ஆனால் முடிவு செய்வது கூரைதான், அதிலும் அதன் உயரம். தலைக்கு மேல் 8 மீட்டரில் கூரை இருந்தால், மேலே போய்த் திரும்ப 16 மீட்டர், சுமார் 47 மில்லிநொடி. அது எதிரொலியாகத் தெரியாது, கத்தலோடு சேர்ந்து அதைத் தடிமனாக்கும். 25 மீட்டர் உயரத்தில் வைத்தால் 147 மில்லிநொடி. தனி எதிரொலி, வெறும் இரைச்சல். இது நேர்க்கோட்டுக் கணக்கு. கூரை வளைந்தால் எண் மாறும், கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தே நம்பவேண்டும். அடிப்பக்கம் மழமழப்பான உலோகத் தகடாக இருக்கட்டும். துளைத் தகட்டுக்குப் பின்னால் ராக்வுல் (பாறைநார்ப் பஞ்சு) வைத்தால் சத்தத்தை விழுங்கிவிடும். துணிக்கூரையோ முரசின் அடிநாதத்தை வெளியே விட்டுவிடும்; பக்கத்து வீட்டுக்காரர் புகார் அங்கிருந்துதான் வரும்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலுள்ள, கூரையே இல்லாத ஆரோஹெட் ஸ்டேடியம் 2014இல் 142.2 டெசிபல் தொட்டு கின்னஸில் ஏறியதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது உச்சம் தொட எல்லோரும் சேர்ந்து கத்திய கணம். ஆட்டம் முழுக்கத் தங்கும் சத்தத்துக்கு அது அளவுகோல் அல்ல.

தகட்டுக் கூரைக்கு நாம் கொடுக்கும் விலை, ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் கேட்கும்போது தெரியும். அவசர அறிவிப்புக்குப் பேச்சுத் தெளிவு, 0 முதல் 1 வரையிலான STI அளவில், 0.5ஆவது வேண்டும், தகடு அதைக் கெடுக்கும். பெரிய ஒலிபெருக்கி நாலுக்குப் பதில் சின்னவை பலவற்றைக் கூரை விளிம்பில் தொங்கவிட்டு, கேலரியை நோக்கிச் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் தாமதம் சரிசெய்யவேண்டும். ராக்வுல் தேவைப்பட்டால் பின்சுவரில் மட்டும் போடுங்கள், கூரையில் வேண்டாம்.