கைவிட்டுப் போன முகநூல் பக்கம் திரும்பி வந்த பிறகு: ஒரு மணவறை அலங்காரக் கடையின் அனுபவம்

கடையின் முகநூல் பக்கம் கைவிட்டுப் போனால், "புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள், இதில் என்ன இருக்கிறது" என்று சொல்லத் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் எங்களுக்கும் இந்த அறிவுரைதான் கிடைத்தது, அதுவும் தேநீரோடு சேர்த்து இலவசமாக. துணிக்கடைக்கோ பலகாரக் கடைக்கோ அது சரியாக இருக்கலாம். மணவறை அலங்காரம் செய்கிறவர்களுக்குச் சரிவராது. எங்களிடம் வருகிறவர்கள் முன்பணம் கட்டிவிட்டு, முகூர்த்த நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். பழைய பக்கம் வேறொருவர் கையில் உயிரோடு இருக்கும்வரை, அந்த ஆள் எங்கள் பெயரைச் சொல்லி அவர்களிடம் மீதிப் பணத்தைக் கேட்கலாம். கேட்கவும் செய்தார்.

பக்கம் திரும்பி வந்து இரண்டு தைப்பூசங்கள் கடந்துவிட்டன. மீட்ட கதையைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். மீட்ட பிறகு அந்தப் பக்கத்தோடு எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்று கேட்டவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடை அக்காவுடையது, கணக்கும் கணினியும் என் பொறுப்பு. தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பு விளம்பரம் செய்ய ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். பெயர் வேண்டாம். அவர்கள் எங்கள் பக்கத்தைத் தங்களுடைய பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள் (பக்கங்களையும் விளம்பரக் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்க முகநூல் தரும் வசதி) சொந்தச் சொத்தாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பக்கம் அங்கேயே கிடந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சிறு வணிகர்கள் பலர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள், தெரியாமலே. 2014-இல் பிசினஸ் மேனேஜர் என்ற பெயரில் வந்த வசதிதான் இப்போது பிசினஸ் போர்ட்ஃபோலியோ எனப்படுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு போர்ட்ஃபோலியோதான் உரிமையாளராக இருக்க முடியும். மற்றவர்களுக்கு 'பார்ட்னர்' என்ற முறையில் அனுமதி கொடுக்கலாம், விளம்பரம் போட அதுவே போதும். எங்கள் விஷயத்தில் இது தலைகீழாக நடந்திருந்தது. வாசலில் கோலம் போட வந்தவரின் பெயரில் நிலப்பட்டா இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் கைப்பேசியில் பக்கம் திறந்தது, படம் போட முடிந்தது, பதில் எழுத முடிந்தது. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஒருவரின் கணக்கு களவு போனது. இதற்கென்றே எழுதப்பட்ட தீநிரல்கள், அதாவது கணினிக்குள் புகுந்து திருடும் மென்பொருள்கள், உண்டு. 2022-இல் பின்லாந்தைச் சேர்ந்த வித்செக்யூர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 'டக்டெய்ல்' என்ற ஒன்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. முகநூல் வணிகக் கணக்குகளை நிர்வகிப்பவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் வேலை. இவ்வகைத் தீநிரல்கள் கடவுச்சொல்லோடு நிற்பதில்லை. உலாவியில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாக இருக்கும் சிறு கோப்பான குக்கியையே எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடுவதால், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு கேள்வி கேட்கவே வாய்ப்பில்லாமல் போகிறது.

எங்களுக்குச் செய்தி வந்தது பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு மணப்பெண்ணின் அம்மா வழியாக. "அக்கா, வேறு வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லியிருக்கிறீர்களே, கடை கைமாறிவிட்டதா?" என்று கேட்டார். நான் பக்கத்தைத் திறந்து 'பக்க வெளிப்படைத்தன்மை' பகுதியைப் பார்த்தேன். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, பெயர் எத்தனை முறை மாறியது, நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் அங்கே பார்க்கலாம். மலேசியா இல்லை. நாங்கள் போயே இராத ஒரு நாட்டின் பெயர் இருந்தது.

முதல் நாளில் உருப்படியாகச் செய்தது கணினியில் அல்ல. அக்காவிடம் முன்பணப் புத்தகம் இருக்கிறது, கையால் எழுதியது. அதில் இருந்த ஒவ்வொரு வீட்டையும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) தொலைபேசியிலும் அழைத்தோம். ஒரு மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அதற்குள் ஒரு தொகையை அனுப்பிவிட்டிருந்தார்கள். அவர்களை உடனே 997-ஐ அழைக்கச் சொன்னோம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் அழைத்தால்தான் பயன். பக்கம் களவு போனதற்கு அந்த எண்ணை அழைத்துப் பயனில்லை. பணம் போயிருந்தால் மட்டும். அந்த வீட்டாரின் தொகையை அக்கா மீதிக் கணக்கில் கழித்துக்கொண்டாள். அதைப் பற்றி வேறு பேச்சுக்கே இடம் தரவில்லை.

போலீஸ் புகார் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள்ளோ கணக்குக்குள்ளோ நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். புகார் கொடுத்தால் போலீஸ் பக்கத்தை மீட்டுத் தந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அந்தப் புகாரின் நகல் ஓர் ஆவணம், அதற்காகத்தான் கொடுக்க வேண்டும். மலாயில் எழுதப்பட்டிருக்கும் என்பதால் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றையும் இணைத்தோம். தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் புகார் பதிந்தோம். 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. ஆனாலும் ஆணையம் உங்கள் சார்பில் பக்கத்தை எடுத்துத் தரும் அலுவலகம் அல்ல.

இனி மீட்பு. இணையத்தில் தேடினால் முதலில் வருவது முகநூலின் 'கணக்கு களவு போய்விட்டது' என்ற வழி. அது தனிநபர் கணக்குக்கானது. எங்கள் தனிநபர் கணக்குகளில் எவரும் கைவைக்கவில்லை. பக்கத்தின் உரிமைதான் போயிருந்தது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் படிவத்தையே நிரப்பிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். எங்களுடையது 'பக்க நிர்வாகி தகராறு' என்ற வகை. அதற்கு அடையாள அட்டை, நிறுவனப் பதிவு, கையொப்பமிட்ட ஒரு வாக்குமூலம் ஆகியவை தேவை. வாக்குமூலத்தில் பக்கத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு, இப்போது நிர்வகிப்பவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு, நாம் கேட்பது என்ன, சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதி, இவையெல்லாம் இருக்க வேண்டும்.

அக்கா இதைச் சாதாரணக் கடிதமாக எழுதச் சம்மதிக்கவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண வாக்குமூலமாகவே செய்து, லெபோ லைட் நீதிமன்றத்துக்கு அருகில் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் முன் கையொப்பமிட்டாள். கடல் கடந்து யாரோ ஒருவர் திரையில் பார்க்கப்போகும் தாளுக்கு இவ்வளவு முத்திரையா என்று நான் நினைத்தேன். இப்போது யோசித்தால், எங்கள் கோப்பில் கேள்வி எழாத ஒரே தாள் அதுதான்.

கேள்வி எழுந்தது பெயரில். நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், கடை ஒரு பெயரில் பதிவாகியிருக்கிறது. பக்கத்தின் பெயர் வேறு. வாடிக்கையாளர் வாயில் நிற்கும் பெயர் அது. லிட்டில் இந்தியாவில் பாதிக் கடைகளுக்கு இதுதான் கதை. சான்றிதழில் ஒன்று, பெயர்ப்பலகையில் ஒன்று, ஊர் வாயில் மற்றொன்று. எங்களுக்கு உதவியது மாநகர் மன்றம் தந்த வணிக உரிமம்; பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் பதிவு எண்ணும் அதில் ஒன்றாக இருந்தன. மின்கட்டண ரசீதில் முகவரி பொருந்தியது. 2019 அக்டோபருக்குப் பிறகு எஸ்எஸ்எம் 12 இலக்கப் பதிவு எண்ணைப் பயன்படுத்துகிறது. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இரண்டு எண்ணும் தெரியும்படி புதிய நகலை வாங்கி அனுப்புவது நல்லது. பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறையக் கடைகளில் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாளின் தேதியை எவரும் படிப்பதில்லை.

மனுவைப் புதிது புதிதாகப் போடாமல், முகநூல் தந்த ஒரே வழக்கு எண்ணின் கீழ் தொடர்ந்தோம். அக்காவின் பெயரில் பழைய விளம்பரக் கணக்கு ஒன்று இருந்ததால் வணிக உதவிப் பகுதியில் எழுத்துவழி உரையாடல் எங்களுக்குத் திறந்தது. பதில்கள் ஒரே நடையில், ஒரே மாதிரி வரும். கோபப்பட்டு எழுதுவதால் பயனில்லை. கேட்ட தாளை, கேட்ட வரிசையில், தெளிவான படமாக அனுப்புவதுதான் வேலை. சில வாரங்களில் பக்கம் வந்தது.

அந்தச் சில வாரங்களில் எங்களை மிகவும் அலைக்கழித்தவர்கள் களவாடியவர்கள் அல்ல, உதவ வந்தவர்கள். பக்கம் போய்விட்டது என்று நான் எங்கோ ஒரு வரி எழுதியதும், "இவர் என் கணக்கை ஒரு மணி நேரத்தில் மீட்டுத் தந்தார்" என்று ஓர் இன்ஸ்டாகிராம் பெயரோடு பதில்கள் வந்து குவிந்தன. அத்தனையும் மோசடி. முதலில் சிறு தொகை, பிறகு மென்பொருளுக்கு, பிறகு 'சர்வர் கட்டணம்'. தேடுபொறியில் 'முகநூல் உதவி எண்' என்று கிடைப்பவையும் அதே ரகம். பக்கத்தை மீட்க அழைக்கும் தொலைபேசி எண் என்று ஒன்று கிடையாது. காசு கொடுத்தால் வேலை நடக்கும் என்று நம்பும் நம் பழக்கத்தின் மேல்தான் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது.

திரும்பி வந்த பிறகு முதலில் செய்தது, எங்கள் பெயரிலேயே ஒரு போர்ட்ஃபோலியோ தொடங்கிப் பக்கத்தை அதற்குள் வைத்ததுதான். முழுக் கட்டுப்பாடு அக்காவுக்கும் எனக்கும் மட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் கணக்கு முடங்கும் நாளில் எல்லாம் முடங்கும்; நான்கைந்து பேர் இருந்தால் நான்கைந்து கதவுகள். படம் எடுக்கும் தம்பிக்குப் பதிவிடவும் பதில் எழுதவும் மட்டுமே அனுமதி. இப்போதுள்ள விளம்பர நிறுவனம் பார்ட்னர். "உரிமை இல்லாமல் எங்களால் விளம்பரம் போட முடியாது" என்று அவர்களுக்கு முன் வந்த ஒருவர் சொன்னார். அவரை அனுப்பிவிட்டோம். உரிமை இல்லாமல் இந்த நிறுவனம் தாராளமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

போர்ட்ஃபோலியோவின் பாதுகாப்பு மையத்தில் எல்லாருக்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினோம். குறுஞ்செய்தி வழியாக அல்ல, செயலி வழியாக. ப்ரீபெய்ட் சிம்மில் பணம் நிரப்ப மறந்தால் எண் இன்னொருவருக்குப் போய்விடும் ஊர் இது. முகநூல் தரும் பத்து மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, முன்பணப் புத்தகம் இருக்கும் அலமாரியிலேயே வைத்தோம். அக்கா இதைக் கேலி செய்தாள். ஒரு கல்யாணத்தின் காலையில், தாமரை ஊற வைத்திருந்த வாளிக்குள் அவள் கைப்பேசி விழுந்தது. சரிபார்ப்புச் செயலி அதோடு போனது. புதுக் கைப்பேசியில் அந்தத் தாளைப் பார்த்து உள்ளே போனாள். பிறகு கேலி செய்வதில்லை.

தொல்லை என்று சொல்ல வேண்டுமானால் போலி எச்சரிக்கைகள். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும்" என்று உட்பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். கல்யாணப் படங்களில் பாட்டு சேர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். நான் கடைப்பிடிப்பது இரண்டு: முகநூல் இப்படி மெசஞ்சர் வழியாக எச்சரிப்பதில்லை, மின்னஞ்சல் என்றால், முகநூல் அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் நம் கணக்கின் அமைப்புப் பகுதியிலேயே இருக்கிறது. அதில் இல்லாவிட்டால் அது பொய். படம் எடுக்கும் தம்பி இன்றும் சில நேரம் பதறிப்போய் அழைக்கிறான். அழைக்கிறானே, அதுவே போதும்.

ஓர் ஒப்பீடு. கூகுள் வரைபடத்தில் எங்கள் கடையின் விவரமும் அதே பழைய நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. அங்கே 'உரிமை கோருக' என்ற பொத்தான் இருக்கிறது. இப்போதைய உரிமையாளருக்கு மூன்று நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் கடையைச் சரிபார்த்து நாமே எடுத்துக்கொள்ள வழி கிடைக்கலாம். எங்களுக்கு அது சத்தமில்லாமல் முடிந்தது.

மதிப்பீடு என்று கேட்டால், மீட்டது வீண் போகவில்லை, ஆனால் பலரும் நினைக்கும் காரணத்தால் அல்ல. பின்தொடர்பவர் எண்ணிக்கையால் இன்று பெரிய பயன் இல்லை. புதிய மணமக்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்துப் புலனத்தில் விலை கேட்கிறார்கள். எங்களுக்குப் பயன்படுவது பழைய படத்தொகுப்புகளும் அவற்றின் கீழே வாடிக்கையாளர்கள் எழுதிய வரிகளும்தான். "அந்த வருஷம் போட்ட மயில் மணவறை" என்று இன்றும் வந்து கேட்கிறார்கள். படங்களை முழுவதும் பதிவிறக்கி வன்தட்டில் வைத்திருக்கிறோம். சொந்த இணையத்தளம் ஒன்றிலும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர்கள் எழுதியதை மட்டும் அப்படி இடம் மாற்ற முடியவில்லை.

திரும்பாதது ஒன்று உண்டு: விளம்பரக் கணக்கு. ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் உருவான விளம்பரக் கணக்கை வெளியே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. யார் எங்கள் விளம்பரத்தைப் பார்த்தார்கள், எது எடுபட்டது என்ற பழைய விவரமெல்லாம் அந்த நிறுவனத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இப்போது விளம்பரக் கணக்கு எங்கள் போர்ட்ஃபோலியோவில், எங்கள் அட்டையில், சிறிய வரம்போடு ஓடுகிறது. புதிய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அக்கா தன் கையாலேயே ஒரு வரியைச் சேர்த்தாள்: பக்கமும் விளம்பரக் கணக்கும் கடையின் சொத்து, ஒப்பந்தம் முடிந்த அன்றே பார்ட்னர் அனுமதி நீக்கப்படும். அவர்கள் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்கள்.