விடுமுறையில் ஊருக்கு வந்து தெரபி தொடங்க நினைப்பவர்களுக்கு

டொரான்டோவில் நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு காரியத்தை, அப்பாவின் வருஷ திதிக்காகச் சென்னை வந்திருந்தபோது தொடங்கினேன். தூக்கம் கெட்டுப்போனதற்கும் அதன் பின்னால் இருந்த துக்கத்துக்குமாக, சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் ஓர் உளவியலாளரிடம் தெரபிக்குச் சென்றேன். டொரான்டோவில் ஒரு செஷனுக்கு 150 டாலரும் அதற்கு மேலும் ஆகிறது என்பது ஒரு காரணம். வீட்டைப் பற்றி வீட்டு மொழியில் பேச வேண்டியிருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். பல் டாக்டர், மூக்குக்கண்ணாடி, முழு உடல் பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒரே விடுமுறையில் முடித்துக்கொண்டு விமானம் ஏறுகிற நமக்கு, இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் தெரபி விடுமுறைக்குள் முடிகிற வேலை அல்ல என்பதால், வெளிநாடு திரும்பிய பிறகு என்ன செய்வது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது படிப்பும் பதிவும். டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் தன்னை சைக்கோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர்கூட ‘கவுன்சிலர்’, ‘தெரபிஸ்ட்’ என்று பலகை மாட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், என்பவர் மட்டும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு பதிவு எண் இருக்கும். மாத்திரை எழுதித் தருவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த சைக்கியாட்ரிஸ்டின் வேலை. சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதுவதில்லை. நான் முதலில் தொலைபேசியில் அழைத்த ஓர் இடத்தில் பதிவு எண்ணைக் கேட்டதும், “மேடத்துக்கு இருபது வருஷ அனுபவம் சார்” என்று சற்றுக் கோபமாகவே பதில் வந்தது. அடுத்து விசாரித்தவரோ எண்ணையும், 50 நிமிடத்துக்கு 1,800 ரூபாய் என்ற கட்டணத்தையும், 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் வராவிட்டால் முழுக் கட்டணமும் உண்டு என்ற நிபந்தனையையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பிவிட்டார். அவரிடமே சென்றேன்.

முதல் நாள் நிரப்பக் கொடுத்த படிவத்தில் ‘உடன் வந்தவர் பெயர், உறவுமுறை’ என்று ஒரு வரி இருந்தது. நம் ஊரில் யாரும் தனியாக மருத்துவரைப் பார்க்கப் போவதில்லை என்பதை அறிந்தவர்கள் தயாரித்த படிவம் அது. எனக்கும் அம்மா உடன் வந்திருந்தார்; நான் எழுந்ததும் அவரும் எழுந்தார். தெரபிஸ்ட், “அம்மா, நீங்க இங்கேயே உட்காருங்க, தேவைப்பட்டா நானே வந்து கூப்பிடறேன்” என்று தன்மையாகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார். கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாளை வரி வரியாக விளக்கினார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அளிக்கிறது; உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த விளக்கத்தைத் தராமல் நேராகக் கேள்விக்குப் போகிறவரிடம் நாமே கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று என் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்தார். அப்பாவின் சதுரத்தின் குறுக்கே கோடிட்டுவிட்டு, எந்த வருடம், நான் அப்போது எங்கே இருந்தேன், காரியத்துக்கு வர முடிந்ததா என்று கேட்டார். அந்த அமர்வு முழுவதும் கேள்விகள்தான்; அறிவுரை என்று ஒரு வாக்கியம்கூட வரவில்லை. ‘என்ன செய்யணும்னு சொல்லுங்க’ என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் சிறிது இருந்தது. இரண்டாம் அமர்வில்தான் எதை நோக்கிப் போகிறோம் என்று பேசி முடிவு செய்து, படுத்த நேரம், விழித்த நேரம், மாலை காபி என எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். விமானப் பயணத்தால் உடல் இன்னும் டொரான்டோ நேரத்திலேயே இருந்ததால், முதல் சில நாள் குறிப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து இறங்கியதும் தூக்கத்துக்காகத் தெரபி தொடங்குவதில் உள்ள சிக்கல் இதுதான்.

வீட்டில் ‘என்ன சொன்னாங்க, மாத்திரை ஒண்ணும் குடுக்கலையா’ என்ற விசாரணை நடக்கும். ‘பேசறதுக்கா ஆயிரத்து எண்ணூறு’ என்று பெரியப்பா கேட்டார். அவர் ஜோசியருக்குக் கொடுப்பது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் வீட்டார் எண்ணைக் கொடுத்தால் நினைவூட்டல்கள் எல்லாம் அவர்களுக்கே போகும் என்பதால், உள்ளூர் சிம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

திரும்பிய பிறகு காணொளியில் தொடர எல்லாரும் சம்மதிப்பதில்லை. வேறு நாட்டில் இருப்பவருக்குச் சிகிச்சை தருவதில் அந்த நாட்டின் உரிம விதிகளும் குறுக்கே வரும். என் தெரபிஸ்ட் முதல் அமர்விலேயே திரும்பும் தேதியையும், டொரான்டோவில் அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் குறித்துக்கொண்டார். நெருக்கடி நேர்ந்தால் சென்னையிலிருந்து தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லி, கனடாவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988, இந்தியாவில் இருக்கும்வரை தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்களை எழுதித் தந்தார். டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ் பேசும் பதிவு பெற்ற ஒருவர் அமையும் வரை சில அமர்வுகள் மட்டும் தொடரலாம் என்பது எங்கள் ஏற்பாடு. சென்னையில் மாலை 6.30 என்றால் அங்கே கோடையில் காலை 9, குளிர்காலத்தில் 8 என்பதால் வேலைக்கு முன் பேசிவிட முடிகிறது. சென்னை ரசீதை என் அலுவலகக் காப்பீடு ஏற்காது. புதியவரிடம் கொடுப்பதற்கான ஒரு பக்கச் சுருக்கக் கடிதத்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்ததால், அது கடைசி அமர்வன்று கைக்கு வந்துவிட்டது.