போர்ஷே 911 ஜிடி3: டிராக்குக்கு வரம், தினசரிக்குச் சிரமம்

2021-இல் வந்த போர்ஷேயின் ஸ்போர்ட்ஸ் கார் 911 ஜிடி3-ஐப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் இன்ஜின்தான். டர்போ இல்லாத 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர், 9,000 ஆர்பிஎம் வரை ஏறும், 510 குதிரைத்திறன். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

ஆனால் செலவு வாங்குகிற அன்றோடு முடிவதில்லை. இதில் போடும் மிஷலின் கப் 2 போன்ற டயர்கள் ரேஸ் டிராக்கில் வேகமாகத் தேய்ந்துவிடும், மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் நம்பி ஓட்ட முடியாது. செராமிக் பிரேக் எடையைக் குறைக்கும், சரி, ஆனால் டிராக்கில் அடித்து ஓட்டித் தேய்த்துவிட்டால் டிஸ்க் மாற்றும் பில் தலை சுற்ற வைக்கும். அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர்கள் பலர் இரும்பு டிஸ்க்கே போதும் என்பது அதனால்தான். அப்புறம் இன்சூரன்ஸ். சாதாரண பாலிசி பெரும்பாலும் டிராக் விபத்துக்குப் பணம் தராது, வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பின் சீட் கிடையாது, பைகளுக்கு முன்பக்கம் சின்ன டிக்கி. சஸ்பென்ஷன் ரொம்பக் கடினம், மோசமான ரோட்டில் முதுகு வலிக்கும். வேகத்தடைக்கு முன்பக்கத்தைத் தூக்கும் வசதிக்குத் தனிக்காசு, அதைக் கட்டாயம் போடுங்கள்.

வருடத்துக்கு ஓரிரு முறைதான் டிராக் என்றால் 911-இன் சாதாரண மாடலான கரேராவையே வாங்குங்கள், மிச்சப் பணத்தில் டயர் வாங்கலாம்.