சீல் மெசின் தந்த பயிற்சி: மூன்று வருடத்துக்குப் பிறகு

போன கிழமை, பைக்கற்றின் வாயைச் சூட்டால் ஒட்டுகிற எங்கள் சீல் மெசினின் கம்பி மூன்றாம் தரமும் அறுந்தது. கிளிநொச்சியில் ரேடியோ, ரீவி திருத்துகிற ஐயா ஒருவர்தான் கம்பியையும் அதன் மேல் ஒட்டுகிற டெஃப்லோன் துணியையும் மாற்றித் தந்தார். "பிள்ளை, இதை எறிஞ்சு போட்டுப் புதுசொண்டு வாங்கன்" என்றார். மூன்று தரமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் சித்தியின் மகள் போன் எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் போன அந்தத் தொழில்முனைவோர் பயிற்சிக்கு எங்கட பள்ளிக்கூடத்திலயும் படிவம் குடுக்கினம். சேரட்டோ?"

போனில் அரைவாசிதான் சொன்னேன். மிச்சம் இது.

ஆறு மாதம், சனிக்கிழமை வகுப்பு, ஐந்து பேர் கொண்ட குழு, கடைசியில் நடுவர்களுக்கு முன்னால் போட்டி: இதெல்லாம் படிவத்திலேயே கிடக்கிறது. நாங்கள் போனது 2022 தொடக்கத்தில். எங்கள் விசுவமடுவில் கச்சானுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, குறைவில்லை. அதனால் சீனிப் பாகில் கச்சானைப் போட்டு இறுக்குகிற கச்சான் அல்வா என்று முடிவெடுத்தோம். குழுவுக்கு ஒரு சீல் மெசின் சும்மா தந்தார்கள்.

அது கைக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். அந்த மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டு. கச்சான் அல்வாவில் காற்றுப் பட்டால் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும், ஆறின கையோடு கட்டிவிட வேண்டும். புது மெசின் மேசையில் பெட்டி பிரிக்காத பொம்மை மாதிரி இருக்க, அம்மா எங்கேயோ கிடந்த ஹக்சோ பிளேட்டை எடுத்து வந்தார். பைக்கற்றின் வாயைப் பிளேட்டின் மேல் மடித்து, வெளியே நீட்டின விளிம்பை மெழுகுதிரிச் சுடரில் ஒரே இழுவை. கொஞ்சம் சுணங்கினால் ஓட்டை, அவசரப்பட்டால் ஒட்டாது. அறுபது பைக்கற் அப்படியே கட்டி முடித்தார். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மிக்சர் கட்டி விற்ற கை அது. நாங்கள் ஐந்து பேரும் மெழுகுதிரி பிடித்தோம்.

கறண்ட் வந்த பிறகும் மெசின் எங்களை விடவில்லை. பிடியை அமத்தினால் சிவப்பு லைற் எரியும், அணையும். அணைந்ததும் தூக்கிவிடுவோம். ஒட்டின இடம் வாய் பிளந்து நிற்கும். லைற் அணைந்த பிறகும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணும் வரை அமத்தியே பிடிக்க வேண்டும், உருகின பிளாஸ்ரிக் அழுத்தத்தோடு ஆற வேண்டும் என்பதைப் பயிற்சியில் ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் தரம் கம்பி அறுந்தபோது அந்த ஐயாதான் சொன்னார். அதற்குள் எத்தனை பைக்கற் நாய்க்குப் போனது என்று கேட்காதீர்கள்.

பயிற்சியில் எதைச் சொன்னார்கள் என்றால், 'பிட்ச்'. மூன்று சனிக்கிழமை முழுக்கப் பிட்ச். லிஃப்டில் போகிற நேரத்துக்குள் எங்கள் வியாபாரத்தை முதலீட்டாளர் மனதில் பதியச் சொல்ல வேண்டுமாம். எங்களுடைய முதலீட்டாளர் பலசரக்குக் கடைக்காரர். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்பார், இடையில் யாருக்காவது மாக் கட்டுவார், பிறகு "என்ன பிள்ளை சொன்னனீ?" என்பார். அதற்கு ஒரு சனிக்கிழமையும் இல்லை.

பெரிய கடதாசியில் ஒன்பது பெட்டி கீறி நிரப்பினோம், பிஸ்னஸ் மொடல் கன்வஸ் என்று. வாடிக்கையாளர், வருமானம், செலவு, பங்காளிகள் எல்லாருக்கும் பெட்டி உண்டு. "வையுங்கோ, வித்தாப் பிறகு காசு தாறன்" என்கிற முதலாளிக்குப் பெட்டி இல்லை. வவுனியாவுக்குப் போகிற ஏ9 வீதியில் ஒரு கடைக்கு 30 பைக்கற் கடனுக்குப் போட்டோம், ஒன்று 42 ரூபாய். அந்த 1,260 ரூபாய் இன்னும் வரவில்லை. இப்போது வவுனியாவில் படிக்கிறேன். பஸ் முறுகண்டியில் நிற்க, சனம் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கும், கச்சான் வாங்கும். எனக்கு அந்தக் கடை கண்ணில் படும் வரை நிம்மதி இல்லை, பட்ட பிறகும் இல்லை.

இவ்வளவும் சொன்ன வாய், ஒரு சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும்.

அன்று விலை போடப் பழக்கினார்கள். கச்சான், சீனி, விறகு, பைக்கற், லேபிள் எல்லாம் கூட்டி ஒரு பைக்கற் 38 ரூபாய், கடைக்கு 42, லாபம் 4 என்று பெருமையாக எழுதிக் கொண்டுபோனோம். பயிற்றுநர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அம்மாட கூலி எங்க?"

எங்களுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு என்ன கூலி?

"எத்தினை மணிக்கு அடுப்பு மூட்டினவா? எத்தினைக்கு முடிஞ்சுது?"

நாலு மணித்தியாலம். அறுபது பைக்கற்றுக்கு லாபம் 240 ரூபாய். அந்த நேரம் அம்மா தோட்டத்தில் கச்சான் பிடுங்கப் போயிருந்தால் இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். அல்வா விற்று நாங்கள் உழைக்கவில்லை, அம்மாவை விற்றிருக்கிறோம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் நான் உங்களுக்குச் சமைச்ச கணக்கையும் போடன்" என்றார். அதற்குப் பிறகு கொப்பியில் 'அம்மா' என்று ஒரு நிரல் உண்டு. இன்றைக்கும் உண்டு. சீனி விலை கிழமைக்குக் கிழமை ஏறின அந்த வருடம் அந்த நிரலைத் தொடாமல் விலையைத்தான் கூட்டினோம். இரண்டு கடைகள் வேண்டாம் என்றன, போகட்டும் என்று விட்டோம்.

கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்ததும் பயிற்சியால்தான். கந்தோர் என்றால் நடுங்குகிற ஆள் நான், அது போய்விட்டது.

போட்டியில் நாங்கள் வெல்லவில்லை. வென்றது ஒரு செயலி. அது ஒரு நாளும் வேலை செய்து நான் காணவில்லை. எரிச்சலில்தான் சொல்கிறேன், தெரியும். எங்கள் ஐந்து பேரில் இப்போது அல்வாவோடு நிற்பது நான் மட்டும், கூட அம்மா.

ஆகவே சித்தியின் மகளுக்கு என்ன சொன்னேன்? கம்பி மாற்றிய காசும் அந்த 1,260 ரூபாயும் ஒன்றாக மண்டைக்குள் நின்ற பின்னேரம் அது. "வேண்டாம், பேசாம ஏ.எல். சோதினைக்குப் படி" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப அந்த மெசினை எனக்குத் தாறியளா அக்கா?"

தரமாட்டேன் என்றுவிட்டேன்.