பவர்மேக்ஸ்45 எக்ஸ்பி பிளாஸ்மா கட்டர்: வீட்டு ஷெட்டுக்குச் சரிப்படுமா?

ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, கேட் டிசைன், பெயர்ப்பலகை, பிராக்கெட் என்று வெட்டி பவுடர் கோட்டிங்கும் (மின்னேற்றிய வண்ணப் பொடியைத் தெளித்து ஓவனில் சுட்டெடுக்கும் பூச்சு) அடித்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் விலை விசாரிப்பது, மின் ஆர்க்கும் அழுத்தக் காற்றும் கொண்டு உலோகத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா மெஷினைத்தான். அதில் அதிகம் அடிபடும் பெயர் ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ்45 எக்ஸ்பி. மெஷினில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காசும் கவலையும் போய்ச் சேர்வது அதற்கு முன்னால் இருக்கும் காற்றிலும், பின்னால் இருக்கும் பவுடரிலும்தான்.

பெயரில் உள்ளபடி 45 ஆம்ப்ஸ். 16 மி.மீ. இரும்பை நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் வெட்டும், 22 மி.மீ. என்றால் வேகம் பாதி. 29 மி.மீ. வரை துண்டாக்கிவிடும், ஓரம் மட்டும் பார்க்கச் சகிக்காது. இதெல்லாம் விளிம்பில் தொடங்கி வெட்டும்போது. தகட்டின் நடுவே துளைத்து இறங்க 12 மி.மீ.தான் எல்லை. பெயர்ப்பலகையிலும் பிராக்கெட்டிலும் ஓட்டை நடுவில்தானே வருகிறது, ஆகவே உங்களுக்கான எண் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு 45 ஆம்ப்ஸில் பத்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் வெட்டலாம்; 32 ஆம்ப்ஸில் நிறுத்தாமல் ஓடும். இது 40 டிகிரி சூழலுக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த 40 எப்போதோ தாண்டியிருக்கும்.

சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் மாடல் முழுத் திறனில் ஓடும்போது மின் இணைப்பிலிருந்து சுமார் 33 ஆம்ப்ஸ் இழுக்கும். 400 வோல்ட் த்ரீ ஃபேஸ் மாடலுக்கு 10 ஆம்ப்ஸ் போதும். பின்னால் பவுடரைச் சுட ஓவன் வரும்போது எப்படியும் த்ரீ ஃபேஸ் வேண்டும், அதனால் முதலிலேயே அதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வீட்டு மீட்டரில் தொழிலை ஓட்டக் கூடாது. மின்வாரியத்தில் தொழிலுக்கென்று தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று: கணினி வரைபடப்படி டார்ச்சை (வெட்டும் முனை) நகர்த்தும் சி.என்.சி. டேபிளில் மாட்டும் எண்ணம் இருந்தால், அதற்கான போர்ட் உள்ள மாடலையும் மெஷின் டார்ச்சையும் கேட்டு வாங்குங்கள். கை டார்ச் மட்டும் உள்ளதை வாங்கிவிட்டுப் பிறகு மாற்றுவது வீண் செலவு.

விலை குறைந்த 'கட் 40', 'கட் 50' இன்வெர்ட்டர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் ஆர்க் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. அவற்றில் பல ஹை ஃப்ரீக்வென்சியில் ஆர்க் கொளுத்துபவை. அந்த மின் இரைச்சல் சி.என்.சி. டேபிளின் கன்ட்ரோலர் கம்பிகளில் ஏறி, வேலை நடுவில் டேபிள் நின்றுபோகும், அல்லது இடம் தவறும். பவர்மேக்ஸில் டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடு (மின்முனை) நாசிலைத் (ஆர்க் வெளிவரும் துளை உள்ள மூடி) தொட்டு, காற்றழுத்தத்தில் பின்வாங்கி ஆர்க் பிடிக்கிறது. கையால் மட்டுமே வெட்டப் போகிறவருக்கு இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, மலிவு மெஷினே போதும். டேபிள் போடுகிறவர் இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

இனி காற்று. மெஷின் கேட்பது 5.9 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 188 லிட்டர். கம்ப்ரசர் கேட்டலாக்கில் முதலில் கண்ணில் படும் பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்ட்டை (பிஸ்டன் உள்ளிழுக்கும் கணக்களவு) பார்த்து ஏமாறாதீர்கள். உண்மையில் வெளியே தரும் அளவு, அதாவது எஃப்.ஏ.டி., இதைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். அதைவிட முக்கியம் ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் டாங்கில் தண்ணீர் தேங்கும். அது டார்ச்சுக்குள் போனால் எலக்ட்ரோடு முனையில் இருக்கும் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு மளமளவென்று குழிந்துவிடும். குழி 1.6 மி.மீ. ஆனால் எலக்ட்ரோடை மாற்ற வேண்டும். விட்டால் நாசிலும் சேர்ந்து போகும். நாசில் ஓட்டை வட்டம் கெட்டால் வெட்டு ஒரு பக்கம் சாயும். டாங்கிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் உலோகக் குழாயைச் சரிவாக ஓட்டி, தாழ்ந்த முனையில் ஒரு டிரெயின் வால்வு, பிறகு காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர், கடைசியில் ஃபில்டர் என்று வையுங்கள். டிரையர் விலையைப் பார்த்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் காசு நாசிலாகக் கரைந்துபோகிறது.

வெட்டும்போது தகட்டுக்கு மேல் டார்ச் உயரம் 1.5 மி.மீ., துளைக்கும்போது 3.8 மி.மீ. துளைக்கும்போதே கீழே இறங்கினால் தெறிக்கும் இரும்பு, டார்ச் முனையைக் காக்கும் ஷீல்டில் ஒட்டிக்கொள்ளும். டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம்தான் நேராக வரும். ஆகவே வெளிக்கோட்டை வலஞ்சுழியாகவும் உள்ஓட்டைகளை இடஞ்சுழியாகவும் ஓட்டுங்கள். அடியில் தடிமனான கசடு தொங்கி, தட்டினால் உதிர்ந்தால் வேகம் குறைவு. மெல்லிய கசடு ஓரத்தோடு ஒட்டி கிரைண்டருக்கு மட்டுமே அசைந்தால் வேகம் அதிகம்.

தமிழ்ப் பெயர்ப்பலகைக்குத் தனிக் கவனம் வேண்டும். தகட்டில் எழுத்தைக் குடைந்து எடுத்தால் 'வ', 'ழ', 'ண' ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். எழுத்தையே தனியாக வெட்டி எடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகப் போய்விடும். இரண்டுக்கும் இரண்டு மூன்று மி.மீ. அகலத்தில் பாலம் விட்டு வரைய வேண்டும். சாதாரண நாசிலின் வெட்டு அகலம் ஏறக்குறைய 1.5 மி.மீ. இருப்பதால் சின்னச் சுழி அடைபட்டதுபோல் தெரியும். மெல்லிய தகட்டுக்கு, குறுகலாக வெட்டும் ஃபைன்கட் நாசில் செட்டைப் போடுங்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 3 மி.மீ.க்குக் கீழே அக்கம்பக்கத்தில் ஃபைபர் லேசர் ஜாப் ஒர்க் கிடைத்தால் அதன் நேர்த்திக்கு முன்னால் பிளாஸ்மா நிற்காது. வெட்டிய தகட்டை அங்கே வாங்கி கோட்டிங்கை மட்டும் நீங்கள் செய்வது கௌரவக் குறைவல்ல. இந்த மெஷினுக்குச் சோறு போடுவது 5 முதல் 12 மி.மீ. வரையிலான வேலைதான். அதிலும் முதுகைப் பாருங்கள்: 6 மி.மீ. தடிமனில் எட்டுக்கு நாலு அடித் தகடு 140 கிலோ. டேபிளை நாலுக்கு நாலாகப் போட்டு, கடையிலேயே தகட்டைப் பாதியாக வெட்டி வாங்குங்கள். அப்போதும் 70 கிலோ, செயின் பிளாக் இல்லாமல் தூக்க வேண்டாம்.

பவுடரில் கெடுவது பெரும்பாலும் அடிப்பதற்கு முன்பே கெட்டிருக்கும். பிளாஸ்மா ஓரம் கூர்மையானது. பவுடர் உருகும்போது அந்த முனையை விட்டு விலகி மெலிந்துவிடும், துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் டிஸ்கால் (உப்புத்தாள் மடல் வட்டு) ஓரத்தை ஒரு மி.மீ. உருட்டிவிடுங்கள். ஹாட் ரோல்டு (சூட்டில் உருட்டிய) தகட்டின் நீலக்கறுப்பு மில் ஸ்கேலை (ஆக்சைடு தோல்), துகள்களை வேகமாக அடித்துச் சுரண்டும் பிளாஸ்டிங் செய்து எடுக்காவிட்டால் பவுடர் அதன்மேல் ஒட்டும், ஸ்கேல் உதிரும்போது கூடவே உதிரும். வெளியில் நிற்கும் கேட்டுக்குப் பாலியஸ்டர் பவுடர்தான். எபாக்சி வெயிலில் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும்.

பவுடர் படலத்தின் தடிமன் 60 முதல் 80 மைக்ரான். கணக்குப்படி ஒரு கிலோ பவுடர் பத்துச் சதுர மீட்டருக்கு வரும். கீழே விழுவது போக ஆறு ஏழு என்று கணக்கிட்டே விலை சொல்லுங்கள். உள்மூலையில் பவுடர் ஏறாவிட்டால் ஸ்ப்ரே கன் வோல்டேஜைக் கூட்டுவது தவறு, குறைக்க வேண்டும். பொருளை மாட்டும் கொக்கியில் பழைய பவுடர் படிந்திருந்தால் எர்த் கிடைக்காது, அதைச் சுரண்டுங்கள். வழக்கமான பாலியஸ்டருக்கு 200 டிகிரி, 10 நிமிடம் என்றால் அது உலோகத்தின் வெப்பம், ஓவன் காற்றினுடையது அல்ல. 10 மி.மீ. பிராக்கெட் அந்தச் சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அரைவேக்காட்டில் எடுத்தால் பளபளப்பு இருக்கும், சுத்தியல் பட்டதும் பெயரும்.

காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரை அந்தக் காற்றோட்டத்தில் வைக்காதீர்கள்; பிளாஸ்மா டேபிளும் பவுடர் அடிக்கும் ஸ்ப்ரே பூத்தும் ஒரே அறையில் கூடவே கூடாது. வாட்டர் டேபிளில் (தகட்டுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய டேபிள்) அலுமினியம் வெட்டினால் அடியில் ஹைட்ரஜன் சேரும், அதுவும் வெடிக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெட்டும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

அரசுப் பணியில் இருப்பவர் முன் அனுமதி இல்லாமல் தொழில் நடத்த நடத்தை விதி இடம் தராது. மற்றவர்கள் சம்பளம் வரும்போதே கோட்டிங் பக்கத்தை முதலில் தொடங்கலாம். டேபிளுக்கு ஆர்டர் கொடுப்பது, தடித்த தகட்டு வேலை மாதாமாதம் வருகிறது என்று தெரிந்த பிறகு.